கடைசித் தட்டு

என் அக்காவின் கணவர் லாரி ஓட்டினார். உலகப் போர் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் விட்ட பழைய வண்டி ஒன்றைத் திண்டிவனத்து முதலாளி ஒருவர் வாங்கி வைத்திருந்தார். ஊருக்கு மேற்கே இருந்த குவாரியிலிருந்து அதில் ஜல்லியும் கருங்கல்லும் ஏற்றிப்போய் டிரங்க் ரோடு ஓரமாகக் கொட்டிவிட்டு வருவது அவருக்கு வேலை. அதே ரோட்டு வேலையில் நான் சூப்பர்வைசர். ஐம்பதுகளின் கடைசி. படிப்பு முடித்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீடு விழுப்புரத்தில், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். அப்பா ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அக்கா கல்யாணமாகித் திண்டிவனம் போனாள். எனக்கும் அங்கேயே வேலை கிடைத்ததால் அவள் வீட்டில் தங்கிக்கொண்டேன்.

மாமா பெரிய குரல்காரர். தெருமுனையில் லாரியை நிறுத்திவிட்டு, அங்கிருந்தே “சோறு ஆச்சா” என்று கேட்பார். அக்கா பதில் சொல்லமாட்டாள். தெருவே பதில் சொல்லும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சூப்பர்வைசரைச் சுருக்கி ‘சூப்பரு’ என்று வைத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் வழியில் கண்ட ஏதோ ஒரு பொருளை எடுத்துவருவார். மாட்டுவண்டியிலிருந்து விழுந்த பூசணிக்காய், யாரோ தூக்கியெறிந்த தகரப் பெட்டி, ஒருமுறை அச்சாணி இல்லாத ஒற்றைச் சக்கரம். “இத இன்னா பண்றது?” என்று அக்கா கேட்டால், “இருக்கட்டும், அதுவும் எங்க போவும்” என்பார். அவர்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. அதைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால் மாமா எழுந்துபோய் லாரியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்தக் கோடையில், குவாரியிலிருந்து இதுவரை எவ்வளவு கல் எடுத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மதியத்தில் லோடுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மாமா பள்ளத்துக்குள் இறங்கி வந்து டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். உயரம் பார்க்கும் நீண்ட கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் சொன்ன இடத்திலெல்லாம் போய் நிற்பார். சும்மா நிற்கத் தெரியாது. பேசிக்கொண்டே இருப்பார்.

“கல்லு எல்லாம் ரோட்டுக்குப் போயிடுச்சு. வெறும் பள்ளத்த அளந்து இன்னா பண்ணப் போற?”

“போன கல்லு எம்மாம்னு பள்ளந்தான் மாமா சொல்லும்.”

“பெட்டி மாரி இருந்தா நீளம் அகலம் ஆழம்னு பெருக்கிடலாம். இது கோணலும் மாணலுமா இல்ல இருக்குது?”

அவர் கேட்டது சரியான கேள்வி. அந்தப் பள்ளத்துக்கு ஒரு பக்கம்கூட நேராக இல்லை. மேலே அகலமாகத் தொடங்கி, படிப்படியாகக் குறுகி, கீழே போய் முடிந்தது. நான் அவருக்கு விளக்கினேன். பள்ளத்தை மனதுக்குள் ஆறடிக்கு ஒரு தட்டாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மட்டத்திலும் அதன் ஓரத்தைச் சுற்றி அளந்து, கட்டம் போட்ட தாளில் வரைந்து, கட்டங்களை எண்ணினால் அந்த மட்டத்தின் பரப்பு கிடைக்கும். விளிம்பிலிருந்து அடிவரை ஏழு மட்டம், ஏழு பரப்பு. முதலாவதையும் கடைசியையும் அப்படியே எடுத்துக்கொண்டு, இரண்டாவது, நான்காவது, ஆறாவதை நான்கால் பெருக்கி, மிச்சமிருக்கும் இரண்டையும் இரண்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அதை ஒரு தட்டின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்கினால் மொத்தக் கன அளவு.

“ரெண்டு மட்டத்துக்கு நடுவுல பாறை எப்பிடி வளையுதுன்னு நீ பாக்கவே இல்லியே.”

“பாக்கலதான். இப்பிடித்தான் வளைஞ்சிருக்கும்னு வெச்சிக்கிறோம்.”

“அப்ப குத்துமதிப்புன்னு சொல்லு.”

“குத்துமதிப்புதான். ஆனா பக்கத்துல வந்துடும்.”

அவருக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மல்லாட்டை மண்டிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அங்கே குவித்து வைத்திருந்த ஒரு பெரிய வேர்க்கடலைக் குவியலைக் காட்டி, இது எத்தனை மூட்டை வரும் என்று சொல்லு பார்ப்போம் என்றார். அடியில், முழங்கால் உயரத்தில், இடுப்பு உயரத்தில் என்று கயிறு போட்டுச் சுற்றளவு எடுத்துக் கணக்குப் போட்டுச் சொன்னேன். சாயங்காலம் மூட்டை கட்டி முடித்தபோது நான் சொன்னதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அன்றிலிருந்து ஒரு வாரம், பார்த்தவரிடமெல்லாம், “என் மச்சினன் குவியலப் பாத்தே மூட்டய சொல்லுவான்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையை என் அப்பா முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

குவாரியின் அடிமட்டத்தில் தென்மூலையில் இன்னொரு சின்னப் பள்ளம் இருந்தது. அங்கே நல்ல கல் கிடைத்ததால் அந்த இடத்தை மட்டும் இன்னும் ஆறடி தோண்டியிருந்தார்கள். அதுதான் என் கணக்கில் கடைசித் தட்டு. மாமா கோலோடு அதில் குதித்தார். மேலே நின்ற எனக்குக் கோலின் தலையும் அவர் கையும்தான் தெரிந்தன. “சூப்பரு, ஆளே முழுகிட்டேன் பாரு” என்று உள்ளேயிருந்து சிரித்தார்.

ஐப்பசியில் மழை வலுத்தது. குவாரிக்குப் பக்கத்தில் போன ஓடை கரையை உடைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் புகுந்தது. நாலைந்து நாளில் விளிம்புவரை தண்ணீர். கல் உடைப்பது நின்றுபோனது. ஆனால் மழைக்கு முன்பே உடைத்து விளிம்போரம் குவித்து வைத்த ஜல்லி நிறைய இருந்தது. ரோடு அரித்துக்கொண்டு போன இடங்களில் கொட்ட அது அவசரமாகத் தேவைப்பட்டது. மழை சற்று விட்ட ஒரு பிற்பகலில் மாமா வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். லோடு ஏற்றுகிறவர்கள் பின்னால் நடந்து வருவதாகப் பேச்சு.

குவியலுக்குப் பக்கத்தில் லாரியைப் பின்னால் எடுத்திருக்கிறார். விளிம்பு உள்ளே அரித்துப்போயிருந்தது மேலே தெரியவில்லை. லோடு ஏற்ற வந்தவர்களில் முன்னால் நடந்து வந்த ஒரு அம்மாள் பெரிய சத்தம் கேட்டு ஓடியபோது, தண்ணீர் இரண்டு கரையிலும் மோதித் திரும்பிக்கொண்டிருந்ததாம். மேலே டீசல் படர்ந்திருந்தது. விளிம்பில் ஒரு லாரி அகலத்துக்கு மண்ணைக் காணோம். அவ்வளவுதான் யாரும் பார்த்தது.

மரக்காணத்திலிருந்து கடலில் முங்கிப் பழகியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்தார்கள். அவர்கள் மாறி மாறி முங்கினார்கள். கீழே போகப்போக இருட்டு, கல் தூக்கும் இரும்புக் கம்பிவடம் எங்கே பார்த்தாலும் சுருண்டு கிடக்கிறது, கையை விடவே பயமாக இருக்கிறது என்று சொல்லி ஏறிவிட்டார்கள். ஒருவர் மட்டும் லாரியின் பின்பக்கக் கம்பியைத் தொட்டதாகச் சொன்னார்.

அக்கா அழவில்லை. மாமா திருவாமாத்தூர்ப் பக்கம் ஆற்றோரத்து ஊரில் பிறந்தவர். வெள்ளத்தில் விழுந்த மாட்டையே இழுத்துக் கரை சேர்த்தவர் என்று அவர் வீட்டில் சொல்வார்கள். “அவருக்கு நீச்சல் தெரியும்டா. வண்டி சாயும்போதே குதிச்சிருப்பாரு” என்றாள். அதற்கேற்றாற்போல ஒரு சேதியும் வந்தது. அன்று மாலை விக்கிரவாண்டி டீக்கடையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், தலையிலிருந்து கால்வரை நனைந்து, யாரிடமும் பேசாமல் விழுப்புரம் பஸ்ஸில் ஏறிப்போனாராம். யார் பார்த்தது, யார் சொன்னது என்று தெரியாது. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு வந்த சேதி.

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். “முதலாளி வண்டி போயிடுச்சேன்னு பயந்துக்கினு எங்கியோ போய்ட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு வந்துடுவாரு.” வண்டி கவிழ்ந்தால் டிரைவர்கள் பயந்து ஓடிப்போவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியம்தான். அதனால் யாராலும் அவளிடம் அடித்துப் பேச முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. நானும் பாதி நம்பினேன்.

மறுநாள் காலையில், ஓடை உடைப்பை மண்மூட்டை போட்டு அடைத்துவிட்டுத் தண்ணீரை இறைப்பது என்று முடிவாயிற்று. சுற்றுப்பட்டு ஊர்களில் கிணற்றில் ஆயில் இன்ஜின் வைத்திருந்த விவசாயிகள் நாலு பேர், மழைக்காலத்தில் அது சும்மாதான் கிடக்கிறது என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். என் மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கண்ணை நேராகப் பார்க்காமல் பேசினார்.

“பள்ளத்த அளந்தது நீதான். எவ்வளவு தண்ணி, எத்தனை நேரம் ஆகும்னு தெரிஞ்சா ஆளுங்களுக்கு முறை போட்டுடலாம். உன்னால முடியலன்னா வேணாம்பா.”

முடியும் என்றேன். ஆபீஸுக்குப் போய்க் கோடையில் வரைந்த தாள்களை எடுத்து மேசையில் விரித்தேன். ஏழு பரப்பும் என் கையெழுத்தில் இருந்தன. புதிதாக எண்ண ஒன்றுமில்லை. பெருக்கிக் கூட்ட வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு மட்டமாகப் பார்க்கும்போது அந்த மட்டத்தில் மாமா எங்கே நின்றார் என்பது ஞாபகம் வந்தது. இந்த மூலையில் கோலைப் பிடித்துக்கொண்டு பீடி கேட்டார். இந்தப் பாறைமேல் உட்கார்ந்து காலில் குத்திய முள்ளை எடுத்தார். இரண்டாவதை நான்கால் பெருக்கு, மூன்றாவதை இரண்டால் பெருக்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். சொல்லாவிட்டால் கை நின்றுவிடும் போலிருந்தது. இரண்டே முக்கால் லட்சம் கன அடிக்குச் சற்று மேலே வந்தது. கேலனில் பதினேழு பதினெட்டு லட்சம். நாலு இன்ஜினும் நிற்காமல் ஓடினால் இன்று முழுக்க, இரவு முழுக்க, நாளை சாயங்காலம் இருட்டுவதற்குள் தரை தெரியும்.

இன்ஜின்கள் ஓட ஆரம்பித்தபோது முற்பகல். அக்கா விளிம்புக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். விழுப்புரத்திலிருந்து அப்பா வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவர் டியூட்டி சட்டையோடு வந்திருந்தார். இன்ஜின் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்டிருக்காது.

சாயங்காலம் தண்ணீர் ஐந்தடிகூட இறங்கியிருக்கவில்லை. பாறையில் ஈரக்கோடு ஒரு ஆள் உயரத்துக்கும் குறைவாகத் தெரிந்தது. வேடிக்கை பார்த்தவர்கள், இது ஒரு வாரம் பிடிக்கும் என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரு வாரம் என்றால் அதற்குள் அவர் வந்துவிடுவார் என்று அவள் எண்ணியிருக்க வேண்டும்.

“நீ நாளைக்குன்னு சொன்னியாமே” என்று என்னைக் கேட்டாள். “இன்னிக்கி முழுக்க எறச்சே இம்மாந்தான் எறங்கியிருக்குது.”

“மேல அகலம் ஜாஸ்திக்கா. கீழ போகப்போகக் குறுகலு. அதே தண்ணிய எறச்சா நாளைக்கு மளமளன்னு எறங்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பள்ளத்தைப் பார்த்தாள். “அப்பிடியா” என்றாள்.

விடிந்து பார்த்தபோது தண்ணீர் வெகு கீழே போயிருந்தது. இன்ஜின்கள் எட்டாமல், சரிவுப் பாதை வழியாகக் கயிறு கட்டி ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்தார்கள். அதற்கு நேரம் பிடித்தது. ஆனால் வைத்த பிறகு தண்ணீர் இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. நான் ஒரு பாறையில் கோடு போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் கோட்டுக்குக் கீழே ஈரம் தெரிந்தது. வாழ்க்கையில் எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறேன். தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு போட்டது அது ஒன்றுதான். எங்கேயாவது பெரிய ஊற்று இருந்து இன்னும் பத்து நாள் ஆகட்டும் என்று எண்ணினேன். ஊற்று இருந்தது, ஆனால் சின்னது.

மதியத்தை ஒட்டி லாரியின் கூரை தெரிந்தது. பிறகு கண்ணாடி. ஒரு பக்கமாகச் சாய்ந்து பாறைத் தட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. அடுத்த ஒரு மணி நேரம் யாரும் விளிம்பைவிட்டு நகரவில்லை. டிரைவர் பக்கக் கதவு தெரிந்ததும் இரண்டு பேர் இடுப்புத் தண்ணீரில் இறங்கிப் போனார்கள். கதவு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர் கையை ஆட்டினார்.

“உள்ள யாரும் இல்ல.”

அக்கா எழுந்து நின்றாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். அவள் சிரித்தாள். நான் சொல்வது மிகையில்லை. இரண்டு நாளாக இறுகிப்போயிருந்த முகம் முழுவதும் சிரிப்பாக மாறியது.

“நான் சொன்னேன் இல்ல? கதவத் திறந்துக்கினு குதிச்சிட்டாரு. நான் சொன்னேன் இல்லப்பா?” என்று அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். அப்பா முகத்தை மூடிக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். அக்கா அவிழ்ந்திருந்த தலையை வாரி முடிந்துகொண்டாள். யாரோ நீட்டிய பன்னை வாங்கித் தின்றாள். முந்தாநாளிலிருந்து அவள் வாயில் எதுவும் போகவில்லை. “விக்கிரவாண்டிக்குப் போயிட்டு வரலாம் வா. அந்தக் கடைக்காரர நேராவே கேட்டுடலாம். ஜல்தி கெளம்பு” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

லாரி முதலாளி கீழிருந்து ஏறி வந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. “உயிரோட இருக்கான்னா அது போதும். வண்டிய அப்புறம் பாத்துக்கலாம். இன்ஜின நிறுத்தச் சொல்லிடலாமா?” என்று என் அதிகாரியைக் கேட்டார். இன்ஜின்காரர்களும் களைத்திருந்தார்கள். கீழே மிச்சமிருந்தது, மேலிருந்து பார்த்தால், தென்மூலையில் ஒரு சேற்றுக் குட்டை. முழங்கால் ஆழம்கூட இருக்காது என்று தோன்றும். அவ்வளவு கலங்கலாக இருந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார்.

“இன்னும் இருக்குதுங்க சார். அது குட்டை இல்ல. அந்த எடத்துல மட்டும் ஆறடி தோண்டியிருக்காங்க.”

அக்காவின் பிடி என் சட்டையில் அப்படியே நின்றது. “அது சேறுடா” என்றாள்.

“இல்லக்கா. அதுக்குள்ள ஆளு முழுகுற ஆழம்.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் அளந்தேன். மாமாதான் உள்ள எறங்கிக் கோல் புடிச்சாரு.”

அவள் சட்டையை விட்டாள். குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள். “போதும் தம்பி. நிறுத்தச் சொல்லிடு. பாத்த வரைக்கும் போதும்.”

அவள் என்ன கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று அதிகாரி கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். ஓட்டுங்கள் என்று அவர் கீழே சைகை காட்டினார். ஒரு இன்ஜினின் குழாயை மட்டும் அந்தக் குட்டைக்குள் இறக்கினார்கள்.

மாமா அங்கேதான் இருந்தார். லாரியிலிருந்து வெளியே வந்துவிட்டிருந்தார். அதுவரை அக்கா சொன்னது உண்மை. நீந்தி மேலே வருவதற்குள் கம்பிவடம் காலில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் மறுமுனை லாரியின் சக்கரத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. அவிழ்க்கப் பார்த்திருக்கிறார் என்று தூக்கியவர்கள் சொன்னார்கள். விரல்களைப் பார்த்தால் தெரிந்தது.

அக்காவின் அழுகை அப்போதுதான் வந்தது. அதை எழுதத் தெரியவில்லை. அப்பா அவளைப் பிடித்துக்கொண்டார். நான் கிட்டே போனபோது அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“நீதான்டா. நீதான் எறைக்கச் சொன்ன.”

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, விழுப்புரத்துக்குக் கொண்டுவந்து, அவர் வீட்டாரும் வந்து சேர்ந்த பின் பெண்ணையாற்றங்கரையில் தகனம் செய்தோம். ஆற்றில் செம்மண் நிறத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். திண்டிவனத்து வீட்டைக் காலி செய்யப் போனபோது, மாமா சேர்த்து வைத்திருந்த சாமான்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி எங்கோ அனுப்பினார். பிறகு தெரிந்து அக்கா அதற்காகவும் அழுதாள் என்று அம்மா சொன்னாள்.

அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. சண்டை இல்லை. சனிக்கிழமை ரயிலில் நான் விழுப்புரம் வந்தால் சோறு போடுவாள், துணி துவைத்து வைப்பாள். கேட்க வேண்டியதை அம்மாவிடம் சொல்லிக் கேட்கச் சொல்வாள். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று அல்லாடினாள். “எத்தினி நாளைக்குடி இது? பேஜாரா இருக்குது” என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். தையல் கற்றுக்கொண்டு, ரயில்வே வீடுகளுக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். நான் வந்திருக்கும் நாட்களில் மிஷின் சத்தம் அதிகமாகக் கேட்கும்.

மறு கோடையில் அதே குவாரியை மறுபடி அளக்கச் சொன்னார்கள். அதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொருவரை அனுப்பினார். சில மாதங்களில் எனக்கு விழுப்புரத்துக்கே மாற்றல் வாங்கிக் கொடுத்தார். ஏரிகளைக் கவனிக்கும் பிரிவு. வண்டல் மேடிட்டுப்போன ஏரிகளில் இப்போது எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று பார்ப்பது வேலை. அதே மட்டங்கள், அதே பரப்புகள், அதே நான்கும் இரண்டும். வேறு வேலை எனக்குத் தெரியாது.

அறுபதுகளின் தொடக்கம். ஒரு விடுமுறை நாள் பிற்பகல், முண்டியம்பாக்கம் பக்கத்து ஏரி ஒன்றின் படத்தை வீட்டில் தரையில் விரித்து வைத்துப் பரப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். தையல் மிஷின் நின்றது. அக்கா வந்து கதவோரம் நின்று பார்த்தாள்.

“இது இன்னா, ஏரியா?”

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. நான் நிமிர்ந்து பார்க்கப் பயந்து, தலையைக் குனிந்தபடியே, “ஆமாக்கா” என்றேன்.

“எம்மாம் தண்ணி புடிக்கும்?”

“இன்னும் கூட்டல. ரெண்டாம் போகத்துக்குப் பத்தாதுன்னு தோணுது.”

அவள் உட்கார்ந்தாள். படத்தின் ஓரத்தை விரலால் நீவினாள். ஊசி குத்திக் குத்தி அந்த விரல் நுனி சொரசொரத்துப்போயிருந்தது. காகிதத்தில் அது உரசும் சத்தம் கேட்டது.

“அன்னிக்கி நான் சொன்ன மாரி நிறுத்தியிருந்தா,” என்றாள், “இன்னா ஆயிருக்கும்?”

அந்தக் கேள்விக்கு எத்தனையோ தடவை எனக்குள்ளே பதில் சொல்லிப் பார்த்திருந்தேன். “அடுத்த கோடையில தண்ணி தானா வத்தும்போது தெரிஞ்சிருக்கும்க்கா.”

“கோடை வரைக்கும் தெரிஞ்சிருக்காது இல்ல?”

“தெரிஞ்சிருக்காது.”

“ஆறு மாசம்” என்றாள். யோசித்தாள். “ஆறு மாசம் தெனம் சாயங்காலம் விக்கிரவாண்டி பஸ்ஸுக்குப் போய் நின்னிருப்பேன். அவரு வர்றாரான்னு பாத்துக்கினு இருந்திருப்பேன்.”

“ஆமாக்கா.”

“அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. குரலில் கோபம் தீர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. படத்தின் ஓரத்தை மறுபடி நீவினாள்.

“ஆனா கோடையில வேற யாராவது பாத்திருப்பாங்க. நாய் நரி இழுத்திருக்கும்” என்றாள். “நீ இருந்த. அப்பா இருந்தாரு. மூஞ்சியப் பாத்து அனுப்புனோம். அத நெனச்சிதான் உங்கிட்டப் பேசணும்னு வந்தேன்.”

எனக்கு அழுகை வந்தது. படத்தின்மேல் விழக்கூடாதே என்று அதைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். அக்கா என் தலையைத் தொடவில்லை, தேற்றவுமில்லை. நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, வேலை கிடக்கிறது, சாயங்காலம் துணி வாங்க வருவார்கள் என்று சொல்லி எழுந்து போனாள்.

அதன்பின் நாங்கள் பேசிக்கொண்டோம். மழை, விலைவாசி, அப்பாவின் மூட்டுவலி, எனக்குப் பார்த்த பெண்கள். என் கல்யாணத்துக்குத் தான் முன்னால் வரமாட்டேன் என்றவளை என் மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். என் பிள்ளைகளுக்கெல்லாம் முதல் சட்டை அவள் தைத்ததுதான். மாமாவைப் பற்றி நாங்கள் இருவரும் பேசாமல் இருந்ததில்லை. அவர் கொண்டுவந்த பூசணிக்காய், தெருமுனையிலிருந்து போட்ட சத்தம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்த இரண்டு நாட்களைப் பற்றி மட்டும் மறுபடி ஒருதடவையும் பேசியதில்லை.

அன்றைக்கு நிறுத்தியிருக்க வேண்டுமா என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது. சில நாள் ஒரு மாதிரி தோன்றும், சில நாள் வேறு மாதிரி.